கிலுங்கிய பெட்டி

மலைவேலைக்கு அமுதவள்ளி சளைத்தவள் இல்லை. ஏலச்செடித் தூரில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுப்பாள். அட்டை கடித்தால் விரலால் சுண்டிவிட்டு அடுத்த தூருக்கு நகர்வாள். மழையில் ஊறிய சாக்கை முதுகில் ஏற்றிக்கொண்டு வழுக்குச் சரிவில் இறங்குவாள். அவளுக்கு ஆகாதது ஒன்றே ஒன்று. ஜீப்பு.

விடியுமுன்னே போடியில் ஆளை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்புகிற ஜீப்பு, மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பும். அதோடு சேர்ந்து அவள் குடலும் திரும்பும். அடுத்த வளைவில் மறுபக்கம் திரும்பும். போடிமெட்டு வந்து சேர்வதற்குள் முந்தின இரவு தின்ற சோறெல்லாம் தேனி மாவட்டத்துக்கே திரும்பிப் போயிருக்கும். அவள் மட்டும் காலி வயிற்றோடு கேரளத்துக்குள் நுழைவாள். கையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம். நகத்தால் கீறி முகர்ந்தபடியே வருவாள். டிரைவர் விஜயபாண்டி ஆள் கணக்கு எடுக்கும்போது அவள் பேரைச் சொல்லமாட்டான். "எலுமிச்சை ஏறிருச்சா? அப்பப் போலாம்" என்பான். வண்டியின் கடைசி ஓரத்தில் காற்று வருகிற இடத்தை அவளுக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். மரியாதையில் இல்லை, அவரவர் சேலை மேல் உள்ள அக்கறையில்.

ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இதுதான் பிழைப்பு. கூலிக்காரியின் குமட்டலுக்கு எந்தத் தோட்டத்திலும் லீவு கிடையாது.

இடையில் ஒரு காரியம் செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்து மாட்டும் வேலையைக் கற்றுக்கொண்டாள். படிப்பு முடிந்ததும் வேலை சென்னையில் இருக்கிறது, கோயம்புத்தூரில் இருக்கிறது என்றார்கள். புருஷன் வீரணன் கொத்தனார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். எங்கே போக? திங்கட்கிழமை மறுபடி எலுமிச்சம்பழத்தோடு ஜீப்பில் ஏறினாள்.

அவள் காய் எடுக்கிற தோட்டத்தின் முதலாளி கமருதீன். மலையில் தோட்டம், போடியில் குடோன். குடோனின் முன்பக்கம் ஒடுங்கலான ஆபீஸ் அறை. அங்கே கணக்குப் பார்த்தவர் கம்பத்தில் தனிக்கடை போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரும், அவர் இல்லாத துக்கமோ என்னவோ, அடுத்த வாரமே செத்துப்போனது. தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ஒருவர் இதை மோப்பம் பிடித்துவிட்டார்.

"புதுசா ஒண்ணு எறக்கித் தர்றேன் பாய். ஓட்டுறதுக்கு ஆள் தேட வேணாம், எம் மச்சினன் ஒருத்தன் சும்மாதான் இருக்கான், அவனையும் அனுப்பி வைக்கிறேன்."

பெட்டி வாங்கினால் மச்சினன் கூடவே வருவான். கமருதீனுக்கு இரண்டுமே பெரிதாகப் பிடிக்கவில்லை. காரணம், அவர் வீட்டு பீரோ மேல் மகன் ஆசிக் விளையாட்டு ஆடுவதற்கென்று வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் சாமான்கள் பிரிக்காத அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. அவற்றைச் சேர்த்து மாட்டுமுன்னே துபாயில் வேலை கிடைத்து அவன் பறந்துவிட்டான். பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் அவை தூசி தின்றுகொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மைதீன் பீவி கணவரை ஒரு பார்வை பார்ப்பாள்.

தோட்டத்தில் ஒருநாள் எடைமிஷினோடு இருந்த பில் அடிக்கும் பெட்டி மக்கர் செய்தபோது அமுதவள்ளி அதைத் திறந்து சரிசெய்ததைக் கமருதீன் பார்த்திருந்தார். கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தச் சாமானையெல்லாம் உன்னால ஒண்ணாச் சேர்த்து ஓடவைக்க முடியுமா?"

"சேர்த்துருவேன் மொதலாளி."

"ஓடுச்சுன்னா ஆபீஸ் நாற்காலி ஒனக்கு. மாசச் சம்பளம். ஓடலேன்னா தேனிக்காரருக்குப் போனைப் போட்டுருவேன், அவரு பொட்டியும் மச்சினனும் எறங்கிரும். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வந்து நான் முடிவு சொல்லணும். பொறவு என்னையக் கொறை சொல்லக்கூடாது."

"நாற்காலிக்கு எந்த ஊர் போகணும் மொதலாளி?"

"இதென்ன கேள்வி? இங்கினதான். கீழ."

கீழே. அந்த ஒரு சொல்லைக் கேட்டதுமே அவள் வயிறு, பல வருஷத்துக்குப் பிறகு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடோனில் சாக்கை விரித்துச் சாமான்களைப் பரப்பினாள். ஆபீஸ் அறையில் குனிய இடமில்லை. ஒரு பக்கம் வேலுத்தாய் முறத்தில் காய் கொட்டி நிறம் போனதையும் வெடித்ததையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அமுதவள்ளிக்கு அடுத்த வீட்டுக்காரி, வாய் ஓயாதவள். இன்னொரு பக்கம் சீனிச்சாமி. குடோனில் மூட்டை தூக்குகிறவர். எடை மேடையில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தார். குடோனுக்குள் புகை ஆகாது. ஏலக்காய் எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும்.

"ஏத்தா, இதென்ன கண்ணாடி வச்ச பீரோ மாதிரி இருக்கு?" என்றாள் வேலுத்தாய், கேபினெட்டைப் பார்த்து.

"அது வெளையாட்டுக்காரப் பொட்டி மதினி. உள்ள கலர் கலரா லைட்டு எரியும்."

"கணக்கு எழுதுற பொட்டிக்கு எதுக்குடி லைட்டு?"

"முதலாளிக்கு லாபம் வந்தா பச்சை எரியும், நட்டம் வந்தா செவப்பு எரியும்" என்றார் சீனிச்சாமி.

அமுதவள்ளி கேபினெட்டைப் படுக்கவைத்து, மதர்போர்டை உள்ளே இறக்கினாள். காய் எடுத்துக் கருத்துப்போன விரல் நுனிகளால் ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கிக்கொண்டு வந்தாள். கடைசி மூலைக்குப் போகும்போது ஒன்று ஸ்க்ரூ டிரைவர் நுனியிலிருந்து நழுவியது. டிக் என்று எங்கோ பட்டது. அப்புறம் சத்தமில்லை.

"அய்யோ!" என்று அலறியது வேலுத்தாய். "எங்கடி விழுந்துச்சு? காய்க்குள்ளயா?"

ஏலக்காய் வியாபாரத்தில் இதைவிடப் பெரிய சாவு இல்லை. முன்னொரு காலத்தில் இதே தெருவில் ஒரு வியாபாரி அனுப்பிய லோடில் ஒரு சின்ன ஆணி கிடந்ததாம். மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. அதைவிட மோசம், பட்டப்பெயர் வந்தது. இன்றைக்கும் அவர் பேரன் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால், ஆணிக்கடை வீட்டுக் கல்யாணமா என்றுதான் கேட்கிறார்கள்.

மூன்று பேரும் காயின் மேல் பாய்ந்தார்கள். முறத்தைக் கவிழ்த்துத் தேடினார்கள். வாய் திறந்திருந்த சாக்குகளைத் தார்ப்பாயில் கொட்டிச் சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். சீனிச்சாமி எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுவந்து காய்க்குள் துழாவினார். காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு ஊக்கு மட்டும். அது வேலுத்தாயின் ரவிக்கையில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த ஊக்கு.

"காயில இல்ல. சாமி காப்பாத்துச்சு" என்று வேலுத்தாய் நெஞ்சில் கைவைத்தாள்.

காயில் இல்லை என்றதும் எல்லாருக்கும் உயிர் வந்தது. காயில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குடோன்காரர்களுக்கு உலகத்தில் பொருள் விழக்கூடிய இடம் இரண்டுதான்: ஒன்று காய்க்குள், இன்னொன்று காய்க்கு வெளியே.

"ஒரு ஸ்க்ரூ போனாப் போகுது, விடு தாயி" என்றார் சீனிச்சாமி. "எனக்கே மரை கழண்டு கெடக்குங்கிறா எம் பொண்டாட்டி. நான் மூட்டை தூக்கலையா?"

பையில் உபரி ஸ்க்ரூ இருந்தது. அமுதவள்ளி அதைப் போட்டு முடுக்கினாள். பவர் சப்ளையை மாட்டினாள். ராம் அட்டைகளையும் கிராபிக்ஸ் கார்டையும் அழுத்தினாள். ஒயர்களைக் கட்டி, கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். பெட்டி மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

ஆபீஸுக்குத் தூக்கிப்போக வேண்டும். சீனிச்சாமிக்குத் தெரிந்த தூக்கு ஒன்றுதான். குனிந்தார், தோளில் போட்டார், எழுந்தார்.

"அண்ணே! தோள்ல போடாதீக!"

"பின்ன, இடுப்புல வச்சுத் தாலாட்டவா?"

அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பெட்டி அவர் காதுக்குப் பக்கத்தில் கிலுக், கிலுக் என்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையிலிருந்து ஏலக்காய் வந்து இறங்கினால் போடிக்காரர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை அல்ல. ஒரு கை அள்ளி, விரலை மூடி, காதருகே கொண்டுபோய் ஆட்டுவார்கள். கிலுகிலுவென்று கேட்டால் உள்ளே விதை காய்ந்து தோலைவிட்டுக் கழன்றிருக்கிறது, நல்ல சரக்கு. சத்தமே இல்லையென்றால் ஈரம். நாலு நாளில் பூசணம் பூக்கும். கமருதீனுக்கு இது கையோடு பிறந்த பழக்கம். தீப்பெட்டி, மாத்திரை டப்பா, காஸ் சிலிண்டர், எது கையில் வந்தாலும் காதருகே ஆட்டிவிட்டுத்தான் வாங்குவார். தன்னைப் பெண் பார்க்க வந்த அன்று சர்பத் டம்ளரைக்கூட ஆட்டினார் என்று மைதீன் பீவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஆபீஸ் வாசலில் நின்ற அவர் காதிலும் அந்தக் கிலுக் விழுந்தது. முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லா. நல்லாருக்கே சத்தம்!"

"காஞ்ச சரக்குல்ல மொதலாளி" என்றார் சீனிச்சாமி தோளிலிருந்து இறக்கியபடி.

சிரித்தார்கள். அமுதவள்ளியும் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அந்தச் சத்தம் கேட்டதில் அவள் நெஞ்சிலும் ஒரு நிம்மதி இறங்கத்தான் செய்தது. இத்தனை வருஷம் அந்தச் சத்தம் கேட்டால் நல்லது என்றுதானே காது பழகியிருக்கிறது.

பெட்டியை மேசை மேல் நிமிர்த்தி வைத்து, மானிட்டரை இணைத்து, பிளக்கைச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள்.

உள்ளே விசிறி கால்வாசி சுற்றியது. விளக்குகள் ஒருமுறை கண்ணடித்தன. அவ்வளவுதான். பெட்டி செத்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி ஒரு கண்ணடிப்பு.

"வெக்கப்படுதோ?" என்றாள் வேலுத்தாய்.

"கரண்டு வருதான்னு பாரு" என்றார் கமருதீன்.

அதே பிளக்கில் எடைமிஷினைச் செருகிப் பார்த்தாள். எரிந்தது. கரண்டில் குறையில்லை. அடுத்து பிராசஸருக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி, டக் என்று சொல்லும்வரை அழுத்திச் செருகினாள். கண்ணடித்தது, செத்தது. பொத்தானிலேயே கோளாறாக இருக்கலாம் என்று அதன் ஒயரைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் அது உட்காருகிற இரண்டு முள்ளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டாள். அதே கண்ணடிப்பு.

"தாயி, பாத்து. ஷாக் அடிச்சுறப்போகுது" என்றார் சீனிச்சாமி, ஆபீஸுக்கு வெளியே போய் நின்றுகொண்டு.

"இதுல அடிக்காதுண்ணே."

"அடிக்காதுன்னு நீ சொல்ற. அதுக்குத் தெரியணுமே."

பகல் சாப்பாட்டு நேரம் வந்தது. மைதீன் பீவி வீட்டிலிருந்து தேங்காய்ச்சோறு அனுப்பியிருந்தாள். அமுதவள்ளி தொடவில்லை. வாசல் வழியாகப் பார்த்தால் மலை தெரிந்தது, மேகம் மூடின தலையோடு. அதன் வயிற்றில் வெள்ளைக் கோடாக வளைந்து வளைந்து ஏறுகிற ரோட்டைப் பார்த்ததுமே வாயில் புளித்த நீர் ஊறியது. நாளைக்கு அதில்தான் மறுபடியுமா?

"கடைக்காரரு மச்சினனுக்கு எப்பிடியும் வெயிட்டு எண்பது கிலோ இருக்கும்" என்றார் சீனிச்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே. "போன வாரம் வந்தப்பப் பாத்தேன். நாற்காலி தாங்காது."

"நீங்க சும்மா இருங்கண்ணே."

"ஒனக்குத் தெம்பு சொல்றேன் தாயி."

அடுத்து ராம். அதை உருவிப் பொன்முலாம் பூசின பல்லை அழிரப்பரால் தேய்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் சென்டரில். புத்தம்புதுசுக்கு அது தேவையில்லைதான். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. ரப்பருக்கு எங்கே போவது? வேலுத்தாய் வீட்டுக்கு ஓடித் தன் மகள் பையிலிருந்து எடுத்துவந்தாள். ஆப்பிள் படம் போட்டு, பாதி கடித்தது.

"அதுலயும் எழுத்துப்பிழையாடி? ரப்பர் வச்சு அழிக்கிறே?"

அமுதவள்ளி பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ராமை உருவித் தேய்த்து ஊதி மாட்டினாள். படுத்த நிலையிலேயே பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினாள்.

உர்ர்ர் என்று விசிறி சுற்றியது. நிற்கவில்லை. சிவப்பு, பச்சை, ஊதா என்று விளக்குகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. ஆபீஸ் சுவரெல்லாம் நிறம். மானிட்டரில் கம்பெனி முத்திரை வந்து உட்கார்ந்தது.

"யா அல்லா!" என்றார் கமருதீன். "தர்கா கந்தூரி விழா மாதிரியில்ல இருக்கு!"

"எங்க மாரியம்மன் பொங்கலுக்குப் போட்ட சீரியல் லைட்டு தோத்துச்சு போங்க" என்றார் சீனிச்சாமி.

வேலுத்தாய் குலவையே போட்டுவிட்டாள். அமுதவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை அணைத்து, பூ மாதிரி நிமிர்த்தி வைத்தாள். கிலுக் என்றது. பொத்தானை அழுத்தினாள்.

கண்ணடித்தது. செத்தது.

குலவை பாதியில் நின்றது.

மறுபடி படுக்கவைத்தாள். ஓடியது. நிமிர்த்தினாள். செத்தது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே சோதனை. படுத்தால் கந்தூரி, நின்றால் சாவு விழுந்த மையத்து வீடு.

"எம் மாமனார் ஜாதி" என்றார் சீனிச்சாமி. "கட்டில்ல படுத்திருந்தார்னா ஊரு நாயம் பூராம் பேசுவாரு. எந்திரிச்சு ஒரு சோலி பாருங்கன்னு சொன்னாப் போதும், பேச்சு மூச்சு இருக்காது."

கமருதீன் தொழுகைக்குக் கிளம்பத் தொப்பியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து ஒரு லோடு வந்து வாசலில் நின்றது. சீனிச்சாமி மூட்டையை இறக்கப் போனார். கமருதீன் மூட்டை வாயைப் பிரித்து ஒரு கை காயை அள்ளிக்கொண்டு திரும்ப வந்தார்.

"இங்க பாரு அமுதா. படுத்தா ஓடுதுல்ல? அப்பப் படுக்கவச்சே ஓட்டு. நமக்கு வேண்டியது கணக்கு. பொட்டி நின்னா என்ன, குப்புறக் கெடந்தா என்ன? நான் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான். நாற்காலி ஒனக்குத்தான்."

நாற்காலி அங்கேதான் இருந்தது. அதுவும் ஆசிக் வாங்கிப் போட்டது. சிவப்பும் கருப்புமாக, முதுகு உயர்ந்து, கப்பலோட்டுகிறவன் உட்காருகிற தோரணையில். அமுதவள்ளி அதைப் பார்த்தாள். சரி மொதலாளி என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. எலுமிச்சம்பழத்தை ஊறுகாய்க்குப் போட்டுவிடலாம்.

வாய் திறந்தாள். ஆனால் கண்ணுக்கு முன்னால் விஜயபாண்டியின் ஜீப்பு வந்து நின்றது. அந்த ஜீப்பும் இப்படித்தான். இறக்கத்தில் நிறுத்தியிருந்தால் கிளம்பும். சமதளத்தில் நிறுத்தினால் கிளம்பாது. வாந்தியெடுத்து முடித்த வாயோடு இறங்கி, கொட்டுகிற மழையில் அதைத் தள்ளிய நாட்கள் எத்தனை.

"வேணாம் மொதலாளி" என்றாள்.

"என்ன வேணாம்?"

"நாளைக்கு யாராவது கூட்டுறப்பத் தெரியாம நிமித்தி வச்சா நின்னுரும். விஜயபாண்டி அண்ணன் ஜீப்பு மாதிரி எல்லாரும் எறங்கித் தள்ளணும். எங்கிட்டோ எதையோ தொட்டுக்கிட்டு நிக்குது. ஒருநா பொகையும் வரும். தேனிக்காரரு பொட்டியே வரட்டும்னு சொல்லுங்க, இல்ல நீங்க தொழுதுட்டு வரங்காட்டியும் எனக்கு விடுங்க."

"அடியே கூறுகெட்டவளே!" என்று வேலுத்தாய் அவள் தொடையைக் கிள்ளினாள். "குடுக்கிறாருல்ல, வாங்கிக்கிட்டுப் பேசாம உக்காருடி!"

கமருதீன் யோசித்தார். யோசிக்கும்போது அவர் கை தானாகக் காதருகே போகும். போனது. விரல்களுக்குள் புது லோடுக் காயை ஆட்டினார்.

கிலுக், கிலுக்.

"நல்லாக் காஞ்சிருக்கு" என்று முணுமுணுத்தார், பழக்கதோஷத்தில்.

அமுதவள்ளி அவர் மூடிய கையையே பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"மொதலாளி, இன்னொருக்க ஆட்டுங்க."

ஆட்டினார். கிலுக்.

அவள் பெட்டியை மேசை மேல் இப்படியும் அப்படியும் சாய்த்தாள். கிலுக்.

"காய் எதுக்குக் கிலுங்குது?"

"இதென்னம்மா, உள்ள வெதை இருக்கு, கிலுங்குது."

"பொட்டிக்குள்ள ஏது வெதை?"

சீனிச்சாமி தோளில் மூட்டையோடு வாசலில் அப்படியே நின்றார். வேலுத்தாயின் கை மெல்ல அவள் வாய்க்குப் போனது.

"எங்காதுலதான் பூராம் கேட்டுச்சு" என்றார் சீனிச்சாமி. "நாந்தான் நல்ல சரக்குன்னேன்."

"நானும் மாஷா அல்லான்னுல்ல சொல்லிட்டேன்" என்றார் கமருதீன்.

"நீங்க தொழுதுட்டு வாங்க மொதலாளி" என்றாள் அமுதவள்ளி. ஸ்க்ரூ டிரைவர் ஏற்கெனவே கையில் இருந்தது.

அவர் போனதும் காலையில் மாட்டியதையெல்லாம் கழற்றினாள். ஒயர்கள், ராம், கடைசியில் மதர்போர்டின் ஸ்க்ரூக்கள். பலகையை மெல்லத் தூக்கினாள். அதற்கும் கேபினெட் தகரத்துக்கும் நடுவே விரல் நுழையாத இடுக்கு. அதற்குள்ளிருந்து சின்னதாக, கருப்பாக ஒன்று உருண்டு வந்து டிங் என்று நின்றது.

காலையில் விழுந்த ஸ்க்ரூ. பெட்டி படுத்திருக்கும்போது அது தகரத்தில் சும்மா கிடந்தது. நிமிர்த்தினால் சறுக்கிக் கீழே போய், பலகையின் முதுகில் இருக்கிற ஈயப்பொட்டையும் தகரத்தையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டு நின்றது. பவர் சப்ளை புத்திசாலி. ஷார்ட் ஆகிறது என்று தெரிந்ததும் தன்னை அணைத்துக்கொண்டது. காலையிலிருந்து அந்தப் பெட்டி செய்த ஒரே வேலை அதுதான், அதையும் சரியாகச் செய்திருக்கிறது.

"இந்தக் கண்ணராவிக்காடி அத்தனை சாக்கையும் கொட்டிச் சலிச்சோம்!" என்றாள் வேலுத்தாய்.

"நான்தான் சொன்னேனே, மரை கழண்டாலும் மூட்டை தூக்கலாம்னு" என்றார் சீனிச்சாமி. "பொட்டிக்கு அந்தத் தெம்பு பத்தல."

அமுதவள்ளிக்குச் சிரிக்க நேரமில்லை. கை பறந்தது. காலையில் பார்த்துப் பார்த்து மாட்டியவள் இப்போது காய் உருவுகிற வேகத்தில் மாட்டினாள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் காந்தத்தில் ஒட்டிவைத்து ஒன்றொன்றாக எடுத்தாள். மூடினாள். மேசையில் நிமிர்த்தினாள். கிலுக் இல்லை. பள்ளிவாசல் பக்கமிருந்து ஆட்கள் தெருவில் திரும்பி வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது. கமருதீன் செருப்பை வாசலில் விடும்போது பொத்தானை அழுத்தினாள்.

உர்ர்ர்.

நின்றபடியே, நெஞ்சை நிமிர்த்தியபடியே, கந்தூரி விளக்கு ஓடியது. முத்திரை வந்தது. அதற்குப் பிறகு வரவேண்டியதும் வந்தது.

கமருதீன் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் அணைத்துக் காட்டியதும், பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் காதைக் கிட்டே கொண்டுபோய் அசைத்தார். சத்தமே இல்லை. அவர் நெற்றி சுருங்கியது.

"கிலுங்கவே மாட்டேங்குதே. ஈரமா இருக்குமோ?"

"மொதலாளி!"

"சரி சரி. பழக்கம்." போனை எடுத்துத் தேனிக்காரருக்குப் போட்டுக் காதில் வைத்தார். "ஆமா, நான்தான். இல்ல, பொட்டி வேணாம். நிக்குது, ஓடுது. மச்சினனா? அவரு கெட்டிக்காரப் புள்ள, அவருக்கு வேற எடம் அமையும் இன்ஷா அல்லா." போனை வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். "உக்காரும்மா. ஒன் சீட்டு."

அமுதவள்ளி சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்தாள். தூசி ஒன்றும் இல்லை. ஓரத்தில் தொட்டு, பிறகு நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள். பித்தவெடிப்பு விழுந்த கால் தரையைத் தொடவில்லை. தொங்கியது. மெத்தென்று இருந்தது. முதுகை யாரோ தாங்குவது மாதிரி இருந்தது. அவள் முதுகை இதற்குமுன் தாங்கியது சுவர் மட்டும்தான்.

"எப்பிடி இருக்கு மகாராணி?" என்று கேட்டு, சந்தோஷம் தாங்காமல் வேலுத்தாய் நாற்காலியின் கையைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றிவிட்டாள்.

சுழல் நாற்காலி. நல்ல விலை கொடுத்து வாங்கியது; எண்ணெயில் வழுக்குகிற மாதிரி சுற்றியது. சுவர், கமருதீன், பெட்டி, வாசல், வாசலுக்கு வெளியே மலை, மறுபடி சுவர், மறுபடி கமருதீன். முதல் கொண்டை ஊசி. அமுதவள்ளியின் குடல் கூடவே திரும்பியது.

"மதினி! நிறுத்து! நிறுத்துடீ பாவி!"

சீனிச்சாமி பாய்ந்து பிடித்தார். அமுதவள்ளி ஒரு கையால் மேசையை இறுகப் பற்றிக்கொண்டு, மறு கையை இடுப்புக்குக் கொண்டுபோனாள். கொசுவத்தில் எலுமிச்சம்பழம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட அது இல்லாமல் அவள் வெளியே கிளம்புவதில்லை. நகத்தால் கீறி மூக்கில் வைத்து, கண்ணை மூடி, நீளமாக இழுத்தாள். புது ஆபீஸில் ஏலக்காய் வாசத்தோடு எலுமிச்சை வாசமும் சேர்ந்தது.

"வேற நாற்காலி கொண்டாரச் சொல்லவா தாயி?" என்றார் கமருதீன், உண்மையிலேயே பதறிப்போய். "காலு நாலும் தரையில நிக்கிறதா?"

அவள் கண்ணைத் திறக்காமல் தலையாட்டினாள். வேண்டாம் என்று.

"இதுவே இருக்கட்டும் மொதலாளி. இது சுத்துனா சுத்திட்டுப் போகுது. கீழயே சுத்துதுல்ல." பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "சீனிச்சாமி அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரு மூட்டையக் கொண்டாந்து முட்டுக் குடுங்க. வெரசா."

சீனிச்சாமி குனிந்தார், தோளில் போட்டார், எழுந்தார். ஆபீஸுக்குள் வரும்போது மூட்டை அவர் காதருகே கிலுகிலுவென்றது.

"இது சரக்குதான் தாயி" என்றார். "நல்லாப் பாத்துட்டேன்."